பள்ளம் இடம் மாறிய நகரம்

தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. ஆற்றையும் கடலையும் கண்டவர்கள் சொன்ன சொல். ரொறன்ரோவில் அது செல்லுபடியாகாது. இங்கே இப்போதெல்லாம் வெள்ளம் தலைக்குமேல் போவது அரிது. அது நிலவறைத் தரையிலுள்ள வடிகால் துவாரத்தின் வழியாகக் கீழிருந்து மேலே வருகிறது. ஒரு சாண் வந்தால் கம்பளமும் சுவரின் அடிப்பலகையும் போகும். ஒரு முழம் வந்தால் மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்த சூட்கேஸ், அதற்குள் இருக்கும் பிறப்புச் சான்றிதழ்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த கல்யாணப் படங்கள் எல்லாம் போகும். சாணுக்கும் முழத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருட உழைப்பாக இருக்கலாம்.

இந்த நகரத்தில் நாற்பது வருடங்களாகத் தமிழில் கதை எழுதப்படுகிறது. அந்தக் கதைகளில் பேஸ்மென்ற் வராத தொகுப்பு ஒன்றை நான் வாசித்ததாக ஞாபகமில்லை. ஆனால் அந்த பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் வந்த கதை எதுவும் என் கண்ணில் படவில்லை. பனி வருகிறது, தனிமை வருகிறது, ஊர் நினைவு வருகிறது, வாடகை கொடுக்கும் முதலாம் திகதி வருகிறது. தண்ணீர் மட்டும் வருவதில்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளத்தைச் சொல்வதற்கு நாம் பழகி வைத்திருக்கும் முறைகளுக்குள் இந்த வெள்ளம் அடங்கவில்லை என்பதே காரணம் என நினைக்கிறேன்.

*

முதலில் இந்த நகரம் தன் வெள்ளத்தை எப்படிச் சொல்கிறது என்று பார்க்கலாம்.

1954 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் புயல் ரொறன்ரோவை வந்தடைந்தது. அதற்கு முன் பெய்த மழையில் மண் ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது. இனி உறிஞ்ச இடமில்லை. இரண்டு நாளில் 285 மில்லிமீற்றர் மழை. பெய்ததில் பெரும்பகுதி நேரே ஆறுகளுக்குள் போனது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதில் 35 பேர் ஒரே தெருக்காரர். வெஸ்ரன் அருகே, ஹம்பர் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற தெரு. மேலே ஆற்றின் குறுக்கே இருந்த நடைபாலம் ஒரு பக்கம் அறுந்து திரும்பி, வெள்ளத்தைத் தெருப்பக்கம் தள்ளியது என்று சொல்லப்படுகிறது. பதினான்கு வீடுகள் அத்திவாரத்தோடு போயின. கூரைமேல் ஏறி நின்றவர்களின் குரல் கரையில் நின்ற அயலவர்களுக்குக் கேட்டது; கயிறு எறிந்தும் எட்டவில்லை. அதே இரவில் வெள்ளத்தில் சிக்கிய காரொன்றை மீட்கப் போன கிங்ஸ்வே–லாம்ப்டன் தொண்டர் தீயணைப்புப் படையினர் ஐந்து பேர் தங்கள் வண்டியோடு ஆற்றில் போனார்கள்.

இன்று அந்தத் தெருவின் பெரும்பகுதி இல்லை. அது ரேமோர் பூங்கா. புல்வெளி, நடைபாதை, பழைய நடைபாலத்தின் எஞ்சிய கொங்கிறீற்றுத் துண்டு, ஒரு நினைவுப் பலகை. சனி, ஞாயிறுகளில் நாய்களோடு நடப்பவர்களும் துவிச்சக்கரவண்டிக்காரரும் போகிறார்கள்.

இந்தப் பூங்காவை ஒரு பிரதியாக வாசிக்க முடியும். அது சொல்லும் கதைக்குத் தெளிவான கட்டமைப்பு உண்டு. அழிவு வந்தது, நகரம் பாடம் கற்றது, சட்டம் செய்தது, பள்ளத்தாக்குகளை வாங்கிப் பூங்காவாக்கியது. 1957இல் நான்கு நீர்ப் பாதுகாப்பு அமைப்புகளை ஒன்றாக்கி ரொறன்ரோ பிராந்தியத்துக்கு ஓர் அதிகார சபை உருவானது. 1964இல் கிளெயர்வில் அணை, 1973இல் ஜி. றொஸ் லோர்ட் அணை. தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் இன்றும் ஆற்றங்கரையில் எது கட்டலாம், எது கட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் அளவுகோல் ஹேசல்தான். அதே மழை மறுபடி பெய்தால் தண்ணீர் எங்கே வரும் என்று கணக்கிட்டுக் கோடு போடுகிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்ற நம் பழமொழியை இவ்வளவு சிரத்தையாகப் பின்பற்றிய நகரங்கள் குறைவு.

நல்ல கதைதான். உண்மையான கதையும்கூட. ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு ஒரு தெருவே சாவது என்பது அதற்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. ஆனால் எந்தக் கதையையும் வாசிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வியை இதிடமும் கேட்கவேண்டும். அந்தப் பள்ளத்தில் ஏன் ஆட்கள் இருந்தார்கள்? வெள்ளத்தில் சிக்கியவை கோடைக்காகக் கட்டி, பிறகு குளிர்காலத்துக்கும் ஒப்பேற்றிக்கொண்ட சிறு குடில்கள். இழுவை வீடுகளின் முகாம். போருக்குப் பின் வீடு கிடைக்காத காலத்தில் ஆற்றோரம் எழுந்த சாதாரண வீடுகள். தாழ்ந்த நிலம் மலிந்த நிலம். உலகம் முழுக்க அப்படித்தான். சட்டம் அந்த நிலத்தில் குடியிருப்பதைத் தடுத்தது. மலிந்த இடம் தேடுகிறவர்களின் தேவையைச் சட்டம் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஆற்றங்கரையில் இருந்த பள்ளம் மெல்ல மெல்ல வீடுகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பூங்காவில் உள்ள பலகை சொல்லாத இரண்டாம் பாகம் அது.

*

இரண்டாம் பாகத்துக்குப் படங்கள் உண்டு, ஆனால் அந்தப் படங்கள் வேறெதையோ காட்டுகின்றன.

2005 ஓகஸ்ட் 19ஆம் திகதி மழையில் ஃபிஞ்ச் அவெனியூ பிளாக் கிறீக் மேல் இடிந்து விழுந்தது. அந்த வருடத்து வெள்ளம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது தெருவின் நடுவில் விழுந்த அந்தப் பெரும் குழி. அதே மழைக்கு நிலவறையில் தண்ணீர் என்று மாநகரத்துக்கு வந்த முறைப்பாடுகள் 4,200க்கும் மேல். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பெய்தது. ஒரே நாள் மழைக்கணக்கில் ஹேசல் அங்கே வைத்த 121.4 என்ற எண்ணைத் தாண்டியது. ஏறக்குறைய நூறு கோடி டொலர் காப்புறுதி நட்டம். நினைவில் நிற்பது, டொன் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குள் நின்ற கோ ரயிலும், அதிலிருந்த சுமார் 1,400 பயணிகளைப் பொலிஸார் படகில் இறக்கியதும். 2024 ஜூலை 16ஆம் திகதி அதே விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர். டொன் வலி பார்க்வேயில் மூழ்கிய கார்கள், யூனியன் நிலையத்தில் வழிந்த தண்ணீர். எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பார்த்தது, பாடகர் ட்ரேக் தன் மாளிகைக்குள் பழுப்பு நிறத் தண்ணீர் ஓடுவதைத் தானே எடுத்துப் போட்ட காணொளி.

இந்த நகரத்தில் ஒரு வீட்டுக்குள் வெள்ளம் வந்ததற்கான உலகறிந்த சாட்சியம் பிறைடல் பாத் மாளிகையிலிருந்து வந்தது என்பதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். நான் சொல்லவருவது வேறு. தெரு, ரயில், நெடுஞ்சாலை, மாளிகை: இவை எல்லோரும் பார்க்கக்கூடியவை அல்லது பார்க்கத் தூண்டுபவை. நிலவறைக்கு வெளிமுகம் இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன யன்னல். அதையும் உள்ளே இருப்பவர் திரைபோட்டு மூடியிருப்பார்.

தண்ணீர் அங்கே எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் இதன் இயக்கத்திலேயே கதை இருக்கிறது. பழைய நகரத்தின் பல தெருக்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. பிற்காலத்துப் புறநகர்ப் பகுதிகளில் இரண்டும் தனித்தனிக் குழாய்கள்; ஆனால் அங்கேயும் கூரைப் பீலிகளும் அத்திவாரத்தைச் சுற்றிய வடிகால்களும் பல வீடுகளில் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருந்தன. பழைய மழைநீர்க் குழாய்கள் இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்கவே கட்டப்பட்டவை. பெருமழையில் குழாய் நிரம்புகிறது. நிரம்பியது திரும்பி, இருப்பதிலேயே தாழ்வான வாய் எது என்று தேடுகிறது. அது யாரோ ஒருவருடைய படுக்கையறைக்குப் பக்கத்திலுள்ள வடிகால் துவாரம். அதாவது, மேட்டில் இருக்கும் வீடுகளின் கூரைகளில் விழுந்த மழை, தெருக்கோடியில் பள்ளத்தில் இருக்கும் வீட்டின் தரையில் எழுகிறது. உங்கள் கூரையில் விழுந்த தண்ணீர் முகம் தெரியாத ஒருவருடைய கட்டில்காலை நனைக்கிறது. பீலிக் குழாய்களைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து கட்டாயமாகத் துண்டிக்கவேண்டும் என்று மாநகரசபை 2007இல் தீர்மானித்தது இதற்காகத்தான். நான் அறிந்த சட்டங்களில் அயலவர் என்றால் யார் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்னது இதுதான்.

*

அயல் என்ற சொல்லை நாம் இரண்டு அர்த்தத்தில் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அயலட்டை என்றால் பக்கத்து வீடுகள், வேலிக்கு அப்பாலும் ஒழுங்கைக்கு அப்பாலும் இருப்பவர்கள், செத்தவீட்டுக்கும் கல்யாணத்துக்கும் முதலில் வந்து நிற்கும் ஆட்கள். அதே சொல் அயல்நாடு என்னும்போது அந்நியமாகிவிடுகிறது. அயலான் பக்கத்தில் இருப்பவனா, வேற்றாளா? மொழி அதைத் தீர்க்காமல் விட்டுவிட்டது. வெள்ளம் வரும்போது தீர்க்கவேண்டி வருகிறது.

நம்முடைய பழைய வெள்ளக் கதையில் இந்தக் கேள்வி எழுவதில்லை. மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொள்கிறது. மகனை இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறக்கிறான், சாபம் பலிக்கிறது, நகரம் அழிகிறது. காரணம் மேலிருந்து வருகிறது, தண்டனை எல்லோருக்கும் ஒன்றாக விழுகிறது. காப்பியம் நமக்குச் சொல்லும் தப்பியவர்கள் யார்? அறவண அடிகள், மாதவி, சுதமதி. அவர்கள் வஞ்சிக்கும் காஞ்சிக்கும் போய்ச் சேர்ந்த விபரம் தெரிகிறது. மருவூர்ப் பாக்கத்தில் மீன் விற்றவர்கள் எங்கே போனார்கள் என்பது காப்பியத்தின் கவலை இல்லை. சாத்தனாரிடம் அதைக் கேட்பது நியாயமும் இல்லை. ஆனால் அந்த அச்சு நம்மிடம் தங்கிவிட்டது. ஒரு நகரம் முழுதாக அழிந்தது, நாம் வேறு நகரத்துக்கு வந்துசேர்ந்தோம் என்று சொல்வது அகதிகளுக்கு இயல்பாக வரும் கதை. அதில் அழிவுக்கு முன்னால் எல்லோரும் சமம். அழிவின்போது மேல்மாடி, கீழ்மாடி என்று ஒன்று இருந்ததாக அந்தக் கதைக்கு ஞாபகம் இருப்பதில்லை.

கனடிய இலக்கியத்தில் ஹேசல் வெள்ளத்தைத் தொட்ட முக்கியமான நாவல் ஆன் மைக்கல்ஸ் 1996இல் வெளியிட்ட 'ஃபியூஜிற்றிவ் பீசஸ்'. யூதப் பேரழிவிலிருந்து தப்பிவந்த பெற்றோருக்குப் பிறந்த பென் அதன் இரண்டாம் பாகத்தைச் சொல்கிறான். அவர்களுடைய ஹம்பர்க் கரை வீட்டை ஹேசல் கொண்டுபோகிறது. நாவலின் இரண்டு பாகங்களிலும் 'மூழ்கிய நகரம்' என்ற தலைப்பு வருகிறது: ஒன்றில் போலந்தின் சேற்றில் புதைந்த பிஸ்குபின் குடியேற்றம், மற்றதில் ரொறன்ரோவின் ஆற்றோரம். இந்த இணைப்பு ஆழமானது. ஒரு முறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இரண்டாம் முறை இழப்பது என்ன என்பதை இதைவிட நுட்பமாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரியாது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்த எவரும் அந்தப் பக்கங்களை எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆயினும் அந்த நாவலின் கண் தலைமுறைகள்மேல் இருக்கிறது. தகப்பனிலிருந்து மகனுக்கு இறங்கும் மௌனத்தின்மேல். வெள்ளம் அங்கே ஞாபகத்தின் உருவகமாக மாறுகிறது. உருவகமானதும் தண்ணீர் சுத்தமாகிவிடுகிறது. கழிவுநீரின் நாற்றம் அதற்கு இல்லை.

நாற்றம் உள்ள வெள்ளக் கதைக்கு நான் கேரளத்துக்குப் போவேன். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'வெள்ளப்பொக்கத்தில்' நம்மில் பலர் அறிந்த சிறுகதை. குட்டநாட்டில் தண்ணீர் ஏறுகிறது. நிலக்காரர் முன்னமே ஓடிப்போய்விட்டார். சேன்னன் என்ற பறையர் மனைவி பிள்ளைகளோடு, பரண் கட்டிக்கொண்டு, நாயோடும் பூனையோடும் மிஞ்சியிருக்கிறார். கடைசியில் ஒரு தோணி வருகிறது. குடும்பம் ஏறுகிறது, பூனையும் தாவி ஏறிவிடுகிறது, நாய் விடுபட்டுப்போகிறது. மீதிக் கதை முழுக்கக் கூரைமேல் நிற்கும் நாய். களவெடுக்க வருகிறவர்களிடமிருந்து அது எசமானின் வாழைக்குலையையும் வைக்கோலையும் காக்கிறது. தகழி எவரையும் திட்டவில்லை. யார் முதலில் போனார், யார் பிறகு போனார், யார் விடுபட்டார் என்ற வரிசையை மட்டும் சொல்கிறார். அந்த வரிசைதான் கதை. யார் கொடுத்த இடத்தில் யார் இருந்தார், யார் யாருக்குக் காவல் என்ற உறவு முழுவதையும் தண்ணீர் ஏறும் ஒழுங்கிலேயே வைத்துவிட்டார்.

இந்த நகரத்துக்கு அப்படியொரு வரிசை தேவைப்படுகிறது. நிலத்துக்கு அடியில் இறங்க ரொறன்ரோ இலக்கியத்துக்குத் தெரியாது என்றும் சொல்லமுடியாது. நம் நாட்டில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சியின் 'இன் த ஸ்கின் ஒவ் எ லயன்' (1987) புளோர் வயடக்ற் பாலத்தையும் ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள ஆர். சி. ஹாரிஸ் நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தையும் கட்டிய குடியேறிகளைப் பற்றியது. ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டியவர்களின் இருட்டும் சகதியும் அதில் இருக்கின்றன. பளிங்கு மாளிகை போன்ற அந்தக் கட்டடத்துக்கு ஹாரிஸ் பெயர் வந்தது, தோண்டியவர்கள் பெயர் வரவில்லை என்பதே நாவலின் கோபம். நகரத்துக்குள் தண்ணீர் வரும் குழாயின் கதையை ஒண்டாச்சி எழுதிவிட்டார். நகரத்திலிருந்து தண்ணீர் வெளியேற முடியாமல் திரும்பும் குழாயின் கதை மீதமிருக்கிறது.

*

அதை எழுதக்கூடியவர்கள் நாம்தான் என்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்காபரோவிலும் மிசிசாகாவிலும் மார்க்கத்திலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கியது நிலவறையை வாடகைக்கு விட்டு. மோட்கேஜின் ஒரு பங்கைக் கீழே இருப்பவர் கட்டுகிறார். பெரும்பாலும் அவரும் தமிழர். புதிதாக வந்தவர், மாணவர், பிரிந்து வாழும் பெண், மகனோடு ஒத்துவராத வயோதிபர். மேலே இருப்பவரும் பத்து வருடத்துக்கு முன்னால் இன்னொருவர் வீட்டுக்குக் கீழே இருந்தவர்தான். ஆகவே இதில் வில்லன் கிடையாது. இருப்பது ஓர் ஒழுங்கு.

2024 கோடையில், மிசிசாகாவில் நண்பரொருவரின் தெருவில், வீட்டுக்கு வீடு முன் புல்லில் கம்பளச் சுருள்களும் மெத்தைகளும் குவிந்திருந்தன. ஒரே வீட்டில் நடந்ததை இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். மேலே இருப்பவரின் கதை மழையோடு தொடங்கியது: வானம் கறுத்தது, குழாய் வேலைக்காரர் தொலைபேசி எடுக்கவில்லை, காப்புறுதிக்காரர் கேட்ட படங்கள், கழிக்கப்படும் முதல் தொகை எவ்வளவு என்பது. கீழே இருந்த பெண்ணின் கதை சித்திரையில் தொடங்கியது. அந்தத் துவாரம் அப்போதே குமுறிச் சத்தம் போட்டிருக்கிறது. "அண்ணை, கீழ ஒரு மாதிரிச் சத்தம் கேக்குது" என்று சொல்லியிருக்கிறார். "அது பழைய வீடு தங்கச்சி, அப்பிடித்தான்" என்று பதில். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே வெள்ளத்துக்கு இரண்டு தொடக்கங்கள். எங்கே தொடங்குவது என்பதில்தான் எந்தக் கதையிலும் அரசியல் இருக்கிறது. அந்த வீட்டில் அது எனக்குக் கண்ணால் காண்பதுபோல் தெரிந்தது.

அந்தப் பெண் சொன்ன இன்னொரு விடயம். தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் அவர் உள்படிக்கட்டில் ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நிலவறையை வாடகைக்கு விடும்போது அந்தக் கதவு பூட்டப்படும். வாடகைக்காரருக்குப் பக்கவாசல். கதவின் தாழ்ப்பாள் மேல்பக்கத்தில் இருக்கும். அவர் தட்டினார், மேலே ரெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்கள். திறந்த பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. இழுத்தார்கள், தூக்கினார்கள், தண்ணீர் இறைத்தார்கள், பிள்ளையை மேலே படுக்கவைத்தார்கள், இரவு பதினொரு மணிக்கு எல்லோருக்கும் புட்டு அவித்தார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு, நட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தபோது கதவு மறுபடி பூட்டிக்கொண்டது.

யாழ்ப்பாணத்து வேலியில் பொட்டு என்றொன்று இருக்கும். கிடுகை விலக்கி ஆளும் கோழியும் போய்வரும் துவாரம். இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்தால் அடைப்பார்கள், சமாதானமானால் திறப்பார்கள். மாரிகாலத்தில் உன் வளவு வெள்ளம் என் வளவுக்குள் வருகிறது என்று நடந்த சண்டைகள் எத்தனை! வேலி எல்லைப் பிரச்சினை கோட்டுக்குப் போன ஊர்கள் அவை. அதை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. சில வீடுகளுக்குப் பொட்டு ஒருபோதும் திறக்கப்படவில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் பொட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் அடைக்கலாம், இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்கலாம். நிலவறைக் கதவின் தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. வேலிக்கு இரு புறமும் இருந்தவர்கள் இந்த நாட்டில் ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கப்பட்டிருக்கிறார்கள்.

இந்த அடுக்கு சட்டத்திலும் தொடர்கிறது. கழிவுநீர் திரும்பி வருவதற்கான காப்புறுதி வழக்கமான வீட்டுக் காப்புறுதியில் தானாக வராது, தனியாகச் சேர்க்கவேண்டும். தரைமேல் வரும் வெள்ளத்துக்குச் சாதாரண வீட்டுக்காரர் காப்புறுதி எடுக்க முடிந்ததே கனடாவில் 2015இலிருந்துதான். மேலே இருப்பவரின் காப்புறுதி கீழே இருப்பவரின் மெத்தையைத் தொடாது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் மாநகரசபை மானியம் தருகிறது. விண்ணப்பிக்கவேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். படுப்பது ஒருவர், பாதுகாப்புக் கேட்கும் உரிமை இன்னொருவருக்கு. அந்த நிலவறை முறைப்படி பதிவு செய்யப்படாததாக இருந்தால் இரண்டு பேருமே வாய் திறக்கமுடியாது. மேலே இருப்பவருக்கு வாடகை போய்விடும் என்ற பயம், கீழே இருப்பவருக்கு இடம் போய்விடும் என்ற பயம். நம் கதைகளில் இந்தத் தண்ணீர் வராததற்கு இந்த மௌனமும் ஒரு காரணமோ என்று நான் சந்தேகிக்கிறேன். எழுதுபவர் பெரும்பாலும் இப்போது மேலே இருக்கிறார். அவருடைய பேஸ்மென்ற் கதை அவர் கீழே இருந்த காலத்தின் கதை. கடந்துவந்த துன்பத்தின் கதை. இப்போது தன் வீட்டில் கீழே இருப்பவரைப் பற்றி எழுதுவது வேறு வேலை.

*

இலக்கியம் காப்புறுதி விண்ணப்பமா, குழாய்க்கணக்கும் மானியக்கணக்கும் கதைக்குள் வரவேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. பிரச்சினையைச் சொல்வதற்காக எழுதப்பட்ட கதைகள் எப்படி இருக்கும் என்பது நம்முடைய எழுபதுகளை வாசித்த எவருக்கும் தெரியும். கீழே இருப்பவர் நல்லவர், மேலே இருப்பவர் கெட்டவர், கடைசியில் தண்ணீர் நீதி வழங்கும். அப்படியொரு கதை எனக்கும் வேண்டாம். உருவகத்தையும் நான் மறுக்கவில்லை. கடல் கொண்ட நகரம் என்ற படிமம் இல்லாமல் நம்மில் பலர் தங்கள் இழப்பைத் தமக்கே சொல்லியிருக்க முடியாது.

நான் கேட்பது சிறியது. தகழி செய்ததுபோல வரிசையைக் கவனிக்கும் ஒரு கண். எந்த வீட்டின் கூரைத் தண்ணீர் எந்த வீட்டுத் தரையில் எழுந்தது, யார் எப்போது கதவைத் தட்டினார், யார் எவ்வளவு நேரத்துக்குப் பிறகு திறந்தார், புட்டு அவித்த இரவுக்கும் கதவு பூட்டிய நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது. அந்த இரண்டு கிழமை எனக்கு முக்கியம். ரேமோர் டிரைவில் ஓர் இரவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கரையில் நின்று கயிறு எறிந்தவருக்கும் கூரைமேல் நின்றவருக்கும் இடையில் இருந்தது ஆறு மட்டும். வீரமும் சாவும் அந்த வெள்ளத்தின் மொழி. இன்றைய வெள்ளத்தில் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. ஆகவே அயலவர்கள் மறுநாளும் ஒருவரையொருவர் பார்த்தாகவேண்டும். அதை எழுதக் காப்பியத்தின் மொழி போதாது. சிறுகதையின் மொழி வேண்டும். அதுவும் மேல்வீட்டுக்காரரின் நெஞ்சுக்குள்ளிருந்து, தன் நியாயங்கள் முழுவதோடும், எழுதப்பட்ட சிறுகதை.

மாநகரசபை இப்போது அடிக்கடி வெள்ளம் வரும் பகுதிகளில் நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையைக் கணக்கில் வைத்து வடிகால்களைப் பெருப்பிக்கிறது. அந்த வேலை முடிய இன்னும் பல வருடங்களாகும். அதற்குள் எத்தனையோ முறை வானம் கறுக்கும். ஒவ்வொரு முறையும் இந்த நகரத்தில் எங்கோ ஒரு உள்படிக்கட்டின் உச்சியில் யாரோ தமிழில் "அண்ணை", "அக்கா" என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டுவார்கள். தாழ்ப்பாளுக்கு மேல்பக்கம் நிற்பவரின் கை என்ன செய்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதிய கதை வந்தால் அதை முதலில் வாசிப்பவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.